கொதிக்க வைக்காதேங்கோ என்று சொன்னவருக்கு

1

டொக்டர், என் அண்ணன் சவிரிமுத்து செத்தது உங்களால்.

உங்கள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இங்கே, வெளிநாட்டில், ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் ஊர்ச் சனத்துக்கும், மன்னார்த் தீவில் எங்கள் கரையில் இருக்கிற சனத்துக்கும் நீங்கள் யாரென்று தெரியும். உங்களுக்கும் தெரியும். அது போதும்.

வருகிற கிழமை அண்ணனுடைய முதலாம் ஆண்டுப் பூசை. ஊர்க் கோயிலில் அண்ணனின் மனைவி றோசா மச்சாள் ஒரு பூசைக்குச் சொல்லியிருக்கிறார். இங்கே நானும் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். நேற்று அதற்காகக் கோயில் கந்தோரில் பெயர் பதிந்துவிட்டு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. எங்கள் ஊர்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. இந்த வருட ஒன்றுகூடலுக்கு அழைப்பு அனுப்பியிருந்தார்கள். நடுவில் கோட் போட்டுக்கொண்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். "மக்களின் வேண்டுகோளுக்கிணங்க மீண்டும், மூலிகைகளின் மகத்துவம் பற்றிய சிறப்புரை." அதன் கீழே உங்கள் பழைய பேச்சின் வீடியோ. அண்ணன் பார்த்த அதே வீடியோ. அதன் கீழே வரிசையாகக் கைகூப்புகள்.

நான் ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

பிறகு குழுவில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "இந்த வீடியோவை நம்பித்தான் என் அண்ணன் செத்தவர், தயவுசெய்து எடுத்துவிடுங்கள்." தேத்தண்ணி போட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்த வரி இல்லை. சங்கத் தலைவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார்: "அக்கா, விழா நேரத்தில் குழப்பம் வேண்டாம்."

அதனால்தான் இதை ஊர் ஆட்கள் வாசிக்கிற பத்திரிகைக்கு அனுப்புகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஒரு முதியோர் இல்லத்தின் லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை எனக்கு. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். ஆனால் வாசியுங்கள்.

2

முதலில் நீங்கள் பேசியது என்னவென்று எல்லாருக்கும் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முந்திய ஒன்றுகூடல் அது. நான் மண்டபத்தின் பின்பக்கம் சாப்பாட்டுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றேன். எனக்கு எல்லாம் கேட்டது.

மலேரியாவில் தொடங்கினீர்கள். கெட்டித்தனம். மன்னார்ச் சனத்துக்கு மலேரியா என்றால் வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் எனக்கும் வந்தது, அண்ணனுக்கும் வந்தது. அம்மாவுக்கு வந்தபோது வீட்டிலிருந்த சாக்கு, சீலை, படங்கு எல்லாவற்றையும் மேலே போட்டும் கட்டில் ஆடியது. சுட்டெரிக்கிற வெய்யில், அந்த மனுசி குளிரில் நடுங்குகிறா. அதற்கு விழுங்கிய குளிசையின் கைப்பு இன்றைக்கும் என் தொண்டையில் இருக்கிறது.

நீங்கள் சொன்னீர்கள், சீனாவில் ஒரு பூண்டு இருக்கிறது, அதை அந்தக் காலத்திலேயே காய்ச்சலுக்குக் கொடுத்தார்கள், அதிலிருந்து எடுத்த ஒரு சேர்வைதான் இன்றைக்கு உலகம் முழுக்க மலேரியாக்காரரைக் காப்பாற்றுகிறது என்று. ஆராய்ந்தவர்கள் அதைக் கொதிக்க வைத்தபோது மருந்து கெட்டுப்போனது, சூடு குறைத்து எடுத்தபோதுதான் வேலை செய்தது என்று. சனம் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தது. உடம்பு நடுங்கிப் படுத்த சனம் அது. நானும் கறி போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

அது உண்மை. என் மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள், நீங்கள் சொன்னதில் அந்தப் பகுதி முழுவதும் உண்மை. சீன மருந்தையோ மூலிகையையோ நான் குறை சொல்ல வரவில்லை. என்னோடு வேலை செய்கிற சீனப் பெண்கள் குடிக்கிறார்கள், சுகமாக இருக்கிறார்கள். புல்லுக்குள்ளும் வேருக்குள்ளும் கடவுள் மருந்தை வைத்திருக்கிறார் என்பதை நான் நம்புகிறேன்.

ஆனால் நீங்கள் அதோடு நிற்கவில்லை.

"எங்கட சனம் என்ன செய்யுது? எல்லாத்தையும் ஒரு பானைக்குள்ள போட்டு, அவிச்சு அவிச்சு, உள்ள இருக்கிற சேர்வையைச் சாகடிச்சுப்போட்டுச் சக்கையைக் குடிக்குது!" என்றீர்கள். சனம் சிரித்தது.

பிறகு மூட்டு வாதத்துக்கு என்று ஒரு சீனக் கடைப் பையை எடுத்தீர்கள். அதற்குள் கையை விட்டு ஒரு கறுப்புத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தீர்கள். "இந்தக் கறுப்பு வேர்த் துண்டுதான் மருந்து. மற்றதெல்லாம் வாசத்துக்கும் பாரத்துக்கும் போடுறது. இதைக் கொதிக்க வைக்காதேங்கோ. ஊறப் போடுங்கோ."

முன்வரிசையில் யாரோ எழும்பினார். "டொக்டர், சாராயத்தில ஊறப் போடலாமோ?"

"அது தண்ணியைவிட நல்லா இறக்கும்," என்றீர்கள். "ஆனா நீங்கள் முழுப் போத்தலையும் இறக்கிப்போடாதேங்கோ!"

மண்டபம் அதிர்ந்தது. நானும் கரண்டியோடு நின்று சிரித்தேன். நல்ல பகிடி.

3

அண்ணனுடைய கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காலையில் அவருடைய விரல்கள் விரியாது. வலை இழுத்து இழுத்து, குளிர் காற்றில் ஈரக் கயிறு பிடித்துப் பிடித்து, மூட்டெல்லாம் வீங்கிப்போயிருந்தது. சேட்டுக்குப் பொத்தான் பூட்டுவது மச்சாள். சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். சிலுவை அடையாளம் போட்டால் நெற்றியில் விரல் படாது, முட்டியாகத்தான் படும். வீடியோவில் கதைக்கும்போது கைபேசியைப் பிடிக்க முடியாமல் மகள் டிலானியைப் பிடிக்கச் சொல்வார். அவள் இல்லாத நேரம் என்னோடு கதைத்தால் அவருடைய முகம் பாதிதான் தெரியும், மீதி கூரை.

ஆஸ்பத்திரிக்குப் போனார். குளிசை கொடுத்தார்கள். வலி குறைந்தது, வயிறு எரிந்தது. கடலில் முதல் ஆளாக நின்றவன் கிளினிக் வரிசையில் நாலாம் ஆளாக இருக்கிறேன் என்று பகிடி விடுவார். கடலுக்குப் போகாத மனுசனுக்குப் பகல் நீளம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். அண்ணன் குடிப்பதில்லை. ஒரு காலத்தில் குடித்தார். இடம்பெயர்ந்து திரும்பி வந்த புதிதில் நன்றாகக் குடித்தார், மறைக்கவில்லை. பிறகு டிலானி குழந்தையாக இருக்கையில் கடுமையான காய்ச்சலில் கிடந்தாள். அண்ணன் மடுக் கோயிலுக்குப் போய் மாதாவிடம் நேர்ந்தார், பிள்ளை பிழைத்தால் இனித் தொடமாட்டேன் என்று. பிள்ளை பிழைத்தாள். அதற்குப் பிறகு தொட்டதில்லை. கலியாண வீடுகளில் சோடாப் போத்தலோடு மூலையில் இருப்பார். "சவிரி, இண்டைக்கு மட்டும்" என்று கூட்டாளிகள் இழுத்தால், "மாதா பாத்துக்கொண்டிருக்கிறா, போடா" என்பார். டிலானிக்கு இப்போது இருபத்தாறு வயது.

4

உங்கள் பேச்சுக்குப் பிறகு சங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. அப்படித்தான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். ஊரில் கைகால் மூட்டு வலியோடு இருக்கிற கடற்றொழிலாளருக்கு அந்தச் சீனப் பைகளை வாங்கிப் பெட்டியில் அனுப்பினார்கள். தலைவர் வீட்டு நிலவறையில் பொதி செய்தார்கள். சீன எழுத்து இருந்தால் கொழும்பில் சுங்கத்தில் பிடிப்பார்கள் என்று யாரோ சொன்னார். அதனால் கடைக்காரர் உள்ளே வைத்திருந்த தாளையும் மேலுறையையும் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் பையில் போட்டு, எங்கள் ஊர்க் கோயில் பாதுகாவலரான புனிதரின் படத்தை ஒட்டினார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் வாசிக்கவில்லை. ஏன் வாசிக்க வேண்டும்? டொக்டர்தான் சொல்லிவிட்டாரே.

பெட்டி கப்பலில் போனது. சுங்கத்தில் கிடந்தது. ஒரு தாள் குறைகிறது என்றார்கள், அனுப்பினோம். பிறகு இன்னொரு தாள் குறைகிறது என்றார்கள். கிறிஸ்மஸ் போய், தவக்காலம் போய், பெரிய வெள்ளியும் போய்த்தான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. திறந்து பார்த்தால் பை கொஞ்சம், ஆள் கூட.

இனி நடந்ததை மச்சாளும், அண்ணனோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த அந்தோனியும் சொல்லி நான் அறிந்தது. எங்கள் கரையை அறியாதவர்களுக்கு இது விளங்காது. எங்கள் கரையில் வந்ததைப் பங்கு போடுவார்கள். மீன் என்றாலும், வெளிநாட்டுப் பெட்டி என்றாலும் ஒன்றுதான். கரையில் இருக்கிற வாடிக் கொட்டிலில் படங்குச் சீலையை விரித்துக் கொட்டி, இனம் இனமாகப் பிரித்து, பிறகு பங்கு. சுகமில்லாமல் கடலுக்கு வராதவனுக்கும் ஒரு பங்கு வைப்பார்கள். அதில் எங்கள் ஆட்கள் ஒரு நாளும் பிழை விட்டதில்லை.

மருந்துப் பைகளையும் அப்படியே படங்கில் கொட்டினார்கள்.

"பட்டையெல்லாம் அங்கால. வெள்ளைத் துண்டு இஞ்சால."

"இது இஞ்சி. காய்ஞ்ச இஞ்சி. இதை அனுப்பக் கப்பலோ? என்ர வீட்டில கிடக்கு."

"இந்த மஞ்சள் வேர் இனிக்குது. அதிமதுரம் போல."

"டேய் தின்னாத, பங்கு குறையும்!"

"கறுப்பு ஆருக்கு?"

அந்தோனிதான் சொன்னானாம். "டொக்டர் சொன்னவரெல்லே, கறுப்புத்தான் மருந்தெண்டு. அதை முழுக்கச் சவிரி அண்ணைக்குக் குடுங்கோ. அந்த மனுசன்ர கையைப் பாருங்கோ. எங்களுக்கு இனிப்பு வேர் காணும்."

ஒருவரும் மறுக்கவில்லை. எல்லாப் பைகளிலும் இருந்த கறுப்புத் துண்டுகள் அத்தனையையும் குவித்து என் அண்ணனிடம் கொடுத்தார்கள். அண்ணன் அழுதுவிட்டாராம். "நான் வலை பிடிச்சு எத்தினை நாளாச்சு, எனக்குப் பெரிய பங்கைத் தாறியள்" என்று.

இஞ்சியும் பட்டையும் அதிமதுரமும் எடுத்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். அந்தோனி மட்டும் இப்போது பங்கு போடுகிற இடத்துக்கு வருவதில்லை. தன் பங்கை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறான்.

5

அண்ணனுக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. வேரைப் பற்றிய பயம் இல்லை. மாதாவுக்கு வைத்த நேர்த்தியைப் பற்றிய பயம்.

சுவாமியாரிடம் போனார். "ஃபாதர், சாராயத்தில ஊறின மருந்தைக் குடிச்சால் நேர்த்தி முறியுமோ?" என்று கேட்டார். "மருந்துக்கெண்டால் குற்றமில்லை சவிரி, கூடாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சுவாமியார் சொன்னார். அவர் பாவம், அவரும் உங்கள் வீடியோவைப் பார்த்திருந்தார்.

அதற்குப் பிறகும் அண்ணன் சாராயப் போத்தல் வாங்க வெட்கப்பட்டு, இரண்டு ஊர் தள்ளிப் போய் வாங்கிவந்தார். கறுப்புத் துண்டுகளை அதற்குள் போட்டு மாதா படத்துக்குக் கீழே வைத்தார். ஊறும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் எனக்குக் காட்டினார். "பார் தங்கச்சி, நிறம் இறங்குது." தேயிலைச் சாயம் மாதிரி இறங்கியது.

ஆவணி மடுத் திருவிழாவுக்குப் போக முதல் கையைச் சரிக்கட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். மாதாவுக்கு முன்னால் விரலை விரித்துச் சிலுவை போட வேண்டும்.

நான் காலை வேலைக்குப் போக பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். அங்கே பின்னேரம். வீடியோவில் வந்தார். போத்தல் மூடியில் அளந்து குடித்தேன் என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"என்ன மாதிரி அண்ணே?"

"நாக்குச் சுறுசுறுக்குது தங்கச்சி. உதடு விறைச்ச மாதிரி."

"அது என்ன அண்ணே? கூடக் குடிச்சனீங்களோ?"

"இல்லையடி. மருந்தெண்டால் சுறுக்கெண்டத்தானே வேணும். உன்ர டொக்டர் கெட்டிக்காரன்."

பஸ் வந்தது. ஏறினேன். ஏறியபிறகு மறுபடி எடுத்தபோது டிலானிதான் பேசினாள். பேசவில்லை, கத்தினாள். அண்ணன் வாந்தி எடுக்கிறார், நெஞ்சு குதிரை மாதிரி ஓடுகிறது, பிறகு நிற்கிறது, பிறகு ஓடுகிறது என்கிறார். ஓட்டோவில் ஏற்றுகிறார்கள். கைபேசி யாருடைய கையில் இருந்ததோ தெரியாது. எனக்கு ஓட்டோவின் கூரையும் மச்சாளின் குரலும்தான். "மாதாவே, மாதாவே." ஆஸ்பத்திரியில் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். நான் இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கி, முன்பின் தெரியாத ஒரு கடைக்கு முன்னால் நின்றுகொண்டு என் அண்ணன் செத்த செய்தியைக் கேட்டேன்.

பிறகு வேலைக்குப் போனேன். போகாமல் எங்கே போவது?

6

விடுமுறை கேட்டேன். அண்ணன் என்றால் கொடுப்பார்கள், ஆனால் மரணச் சான்றிதழ் வேண்டும், அது ஆங்கிலத்தில் வேண்டும், மொழிபெயர்த்தவரின் முத்திரை வேண்டும் என்றார்கள். அந்தச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் அண்ணனை மண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். செத்தவீட்டை நான் கைபேசியில் பார்த்தேன். பெட்டிக்குள் அவருடைய கைகளைக் கோத்து செபமாலை சுற்றியிருந்தார்கள். அப்போதும் விரல் விரியவில்லை.

மரண விசாரணைக்கு வந்தவர் மாதா படத்துக்குக் கீழே போத்தலைக் கண்டார். "குடிச்சவரோ?" என்று கேட்டார். மச்சாள் பொய் சொல்லத் தெரியாத மனுசி. "ஓம், மருந்துக்கு" என்றார். அவர் முதல் சொல்லை எடுத்துக்கொண்டார், மீதியை விட்டுவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. கண்டதை எழுதினார்.

மிஞ்சின வேர்த் துண்டுகளைச் சோதிக்க வேண்டும் என்று நான் இங்கே ஒரு அரசாங்கக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். பிறகு ஒரு பிள்ளை வந்தாள். என் இங்கிலீசில் "அண்ணன் நஞ்சு குடித்துவிட்டார்" என்று சொல்லப் போய், "நான் அண்ணனுக்கு நஞ்சு கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை மிக அமைதியாக, "அம்மா, உங்களுக்குப் பக்கத்தில் இப்போது வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டாள். விளங்கப்படுத்தி முடித்தபோது, சம்பவம் வேறு நாட்டில், எங்களால் முடியாது என்றாள். அங்கே மச்சாள் போய்க் கேட்டால், "அனுப்பினவையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்கிறார்கள். அனுப்பினவர்கள் இங்கே விழாவுக்கு மண்டபம் பதிகிறார்கள்.

துண்டுகளை மச்சாள் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். எறியச் சொன்னால் எறியமாட்டேன் என்கிறார்.

7

என் மகள் ஷாமினி இங்கே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கிறாள். மாமாவோடு அவள் ஒழுங்காகக் கதைத்ததே இல்லை. கைபேசியைக் கொடுத்தால், "மாமா, சுகமா? சாப்பிட்டீங்களா? சரி, பை" என்பாள். மூன்று வசனம். அண்ணன் அதையே ஊரெல்லாம் சொல்லுவார், மருமகள் என்னோடு தமிழில் கதைத்தவள் என்று.

அவர் செத்தபிறகு அவள் என் பக்கத்தில் வந்து இருந்து அந்த வீடியோவைப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் திரும்பவும் தொடக்கத்திலிருந்து போட்டாள்.

"அம்மா, இந்த அங்கிள் ரெண்டு செடியை மிக்ஸ் பண்ணிட்டார்," என்றாள். "அந்த மலேரியாச் செடிக்குச் சூடு கூடாது. இந்தக் கறுப்பு வேருக்குச் சூடு வேணும். கன நேரம் கொதிச்சாத்தான் அதில இருக்கிற பொய்சன் உடையும். ஊறப் போட்டா உடையாது. அல்கஹோலில போட்டா இன்னும் கூட வரும்."

"அப்ப அது நஞ்சோ? மருந்தில்லையோ?"

"மருந்துதான். அதுதான் பிரச்சினை. மருந்து, ஆனா ஒழுங்காச் செய்யாட்டி நஞ்சு. ஹார்ட்டைத்தான் பிடிக்கும்."

அந்த வேர் எங்கள் பக்கத்திலும் தெரியாததில்லை. எங்கள் நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரிமார் நாபி என்று சொல்லுகிற நச்சு வேர் இதன் உறவுதான். அதைச் சுத்தி செய்யாமல் அவர்கள் யாருக்கும் கொடுத்ததில்லை. சீனப் பெயரும் கோட்டும் வந்தவுடன் நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

ஷாமினியும் நானும் அந்தச் சீனக் கடைக்குப் போனோம். கடையில் இளம் பெண் ஒருத்தி இருந்தாள். ஷாமினி நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் ஒரு பையை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்து, உள்ளே இருந்த தாளைக் காட்டினாள். கறுப்பு வேரை முதலில் தனியாக நீண்ட நேரம் கொதிக்க வைத்து, பிறகு மற்றதைச் சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டும் என்று சீனத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. இஞ்சியும் அதிமதுரமும் பாரத்துக்குப் போட்டதில்லை, கறுப்பு வேரின் மூர்க்கத்தை அடக்கப் போட்டது, ஒரு பை ஒரு ஆளுக்கு அளந்தது என்றாள். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து ஒன்று கேட்டாள். ஷாமினி எனக்குத் தமிழில் சொன்னாள்:

"இதை ஆர் பிரிச்சதெண்டு கேக்கிறா அம்மா."

நான் என்ன சொல்வது? அன்பாக இருந்தவர்கள் பிரித்தார்கள் என்று சொல்வதா? அவர்களுக்குப் பிரிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தவர் கோட் போட்டவர் என்று சொல்வதா?

வீட்டுக்கு வரும் வழியில் ஷாமினி கேட்டாள், "நான் மாமாவோட நல்லாக் கதைச்சிருந்தா என்னைக் கேட்டிருப்பார், என்னம்மா?" அந்தக் கேள்வியை என் பிள்ளையின் தலையில் வைத்ததும் நீங்கள்தான்.

8

உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். நினைவிருக்கிறதா? நான் முழுவதையும் சொன்னேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"தங்கச்சி, நான் வைத்தியம் பாக்கிற டொக்டர் இல்லை. என்ர பட்டம் இரசாயனத்தில, பெயின்ற் பூச்சு வகைகளில. நான் தகவல்தான் சொன்னனான்."

"மேடையில நீங்கள் அதைச் சொல்லேல்லையே."

"ஆரும் கேக்கேல்லையே."

"அப்ப இப்பவாவது சொல்லுங்கோ. பிழை எண்டு சொல்லுங்கோ."

அப்போதுதான் நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள். "தங்கச்சி, சாராயம் குடிச்சுச் செத்த மனுசனுக்கு நான் எப்பிடிப் பொறுப்பாக முடியும்?"

அந்த வார்த்தை கடல் தாண்டிப் போய்விட்டது, டொக்டர். யார் கொண்டுபோனார்கள் என்று தெரியாது. சங்கத்து ஆட்களாக இருக்கலாம். ஊரில் இப்போது சவிரி குடித்துச் செத்தவன். மாதாவுக்கு நேர்ந்துவிட்டு ஒளித்துக் குடித்தவன், அதுதான் மாதா எடுத்துவிட்டா என்று கோயில் வாசலில் கதைக்கிறார்கள். வங்காலைப் பக்கத்திலிருந்து டிலானிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாய் நேரடியாகவே மச்சாளிடம் கேட்டாராம், "தேப்பன் குடிகாரனாமே?" என்று. பிறகு அவர்கள் வரவில்லை. டிலானி அழவில்லை. "என்னைக் காப்பாத்தத்தான் அப்பா குடியை விட்டவர்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் மடுவுக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை.

போன வருட ஒன்றுகூடலில் அண்ணனுக்கு ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தார்கள். "கடற்றொழிலாளி சவிரிமுத்து, திடீர் மாரடைப்பு" என்றார்கள். நீங்கள் முன்வரிசையில் தலை குனிந்து நின்றீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மௌனம் முடிந்ததும் நீங்கள்தான் முதலில் கதிரையில் இருந்தீர்கள்.

இப்போது இரண்டாவது பெட்டி தயாராகிறது. இந்த முறை எங்கள் ஊருக்கு மட்டும் இல்லையாம். வெள்ளாங்குளத்தில் மலையகத்திலிருந்து வந்து குடியேறி, கூலி வேலை செய்து முதுகு போன சனத்துக்கும், சிலாவத்துறை ஆட்களுக்கும் அனுப்புகிறார்களாம். பெரிய மனம். அதோடு உங்கள் வீடியோவும் போகிறது. அங்கேயும் பெட்டி வந்தால் பிரிப்பார்கள். அங்கேயும் எல்லாரிலும் கூடச் சுகமில்லாதவனுக்குக் கறுப்பைக் கொடுப்பார்கள். எங்கள் சனத்தின் குணம் அது.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு: வீட்டில் அந்தக் கறுப்புத் துண்டு இருந்தால் தொடாதீர்கள். ஊறப் போட்டிருந்தால் குழி தோண்டி ஊற்றுங்கள். பிள்ளைகள் தொடாத இடத்தில் ஊற்றுங்கள். யாராவது குடித்து நாக்குச் சுறுசுறுத்தால், அது மருந்து வேலை செய்வதில்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

9

இனி உங்களுக்கு, டொக்டர்.

நான் வழக்குப் போடப் போவதில்லை. எனக்கு அதற்கு நேரமும் இல்லை, மொழியும் இல்லை. உங்கள் பணம் வேண்டாம். வீட்டுக்கு வந்து இரகசியமாகக் கும்பிட வேண்டாம். தலைவர் மூலமாக மன்னிப்புச் சொல்லியனுப்ப வேண்டாம்.

ஒன்றுகூடல் அடுத்த மாதம், ஒரு சனிக்கிழமை. நீங்கள் பேசப் போகிறீர்கள். அதே மண்டபம், அதே ஒலிவாங்கி, அதே கைபேசிகள் ஊருக்கு நேரடியாக அனுப்பிக்கொண்டிருக்கும். மச்சாள் பார்ப்பார். அந்தோனி பார்ப்பான். கோயில் வாசலில் கதைத்தவர்களும் பார்ப்பார்கள். டிலானியைப் பார்க்கச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன், அவள் இன்னும் ஓம் சொல்லவில்லை.

இந்த முறை நான் பின்பக்கம் கரண்டியோடு நிற்கமாட்டேன். முன்வரிசையில் இருப்பேன். ஷாமினி பக்கத்தில் இருப்பாள். போன முறை ஒருவர் எழும்பி, சாராயத்தில் ஊறப் போடலாமோ என்று கேட்டார், நீங்கள் சிரித்துக்கொண்டு சட்டென்று பதில் சொன்னீர்கள். இந்த முறை நான் எழும்புவேன். என்ன கேட்பேன் என்று இப்போதே எழுதித் தருகிறேன், யோசித்துக்கொண்டு வாருங்கள்.

என் அண்ணன் சவிரிமுத்து குடித்துச் செத்தாரா, உங்கள் பேச்சைக் கேட்டுச் செத்தாரா?

ஒலிவாங்கியை அணைக்காமல், அவருடைய மகளுக்குக் கேட்கும்படி, சனத்துக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.